மேல்தட்டு ஒழுக்கும் கலப்பத்துக் கலையும்



கடற்காற்று எட்டாத கரிசல் நிலத்தில், விஸ்வநத்தத்தில் கூடியிருக்கும் ஓர் இலக்கிய அவையில், பழைய பாய்க்கலங்களின் மேல்தட்டு ஒழுகுவதையும் அதனைப் பழுதுபார்க்கும் முறையையும் பேசுவது பொருந்துமா என்னும் வினா எழுவது இயல்பே. ஆயினும் ஈரத்தின் பகைமையை இவ்வட்டாரம் அறிந்த அளவிற்கு அறிந்த ஊர்கள் மிகச் சிலவே. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். அது இம்மண்ணில் வேரூன்றியதற்கு இங்குள்ள வறண்ட வானிலை பெருங்காரணம் ஆயிற்று. குச்சி முனையில் தோய்த்த மருந்து காய வேண்டும். காய்ந்தது மீண்டும் நனையாதிருக்க வேண்டும். வெடிமருந்துக் கலவையில் அலுமினியத் தூளும் வெடியுப்பும் சேர்ந்திருக்கும்போது ஈரம் புகுந்தால், அக்கலவை தானே சூடேறித் தீப்பற்றவும் கூடும். ஆகவே கூரையின் ஓர் இடுக்கில் சொட்டும் நீர் என்பது இங்கே வெறும் வசதிக்குறைவு அன்று. அது பிழைப்பையும் உயிரையும் தொட்ட செய்தி. கடலில் ஓடும் மரக்கலத்திலும் நிலைமை இதுவே. மேல்தட்டுதான் கலத்தின் கூரை. அது ஒழுகினால் சரக்கு கெடும். நாளடைவில் கலமே கெடும்.

இன்றைய உரை சொல்ல விழைவது ஒன்றே. ஒழுக்கை மறைப்பது வேறு, தீர்ப்பது வேறு. தீர்ப்பதற்கு வேண்டிய அறிவைத் தமிழ்க் கடற்கரையின் ஓடாவிகள் தம் கையிலும் செவியிலும் காத்து வந்தனர். அவ்வறிவும் அதனைத் தாங்கிய சொற்களும் எழுத்தில் ஏறாமலே மறையும் நிலையில் உள்ளன என்பதே அது.

கடலினும் கொடியது மழை

கடற்கலம் என்றதும் அதன் பகை கடலே என எண்ணத் தோன்றும். மரக்கலத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பாதி உண்மையே. நீர்மட்டத்திற்குக் கீழுள்ள பலகைகளைத் துளைக்கும் கடற்புழு உண்டு. அலையும் பாறையும் உண்டு. ஆனால் கலத்தை உள்ளிருந்து மெல்ல மெல்ல இற்றுப்போகச் செய்வது உப்புநீர் அன்று. மேலிருந்து இறங்கும் மழைநீரே. மரத்தை இறச்செய்வது ஒருவகைப் பூஞ்சணம். உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிட ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைக் கடந்து நெடுநாள் நின்றாலன்றி அது வளராது. உப்பு ஊறிய மரத்தில் அது எளிதில் வாழ்வதும் இல்லை. கடல்நீரில் நாள்தோறும் மூழ்கிக் கிடக்கும் அடிப்பலகை பல்லாண்டு உறுதியாக நிற்க, மழைநீர் தேங்கிய மேல்தட்டின் மூலையொன்று சில ஆண்டுகளில் கைவிரல் பட்டாலே உதிர்வதன் காரணம் இதுவே.

இவ்வுண்மையைப் பழைய கப்பல் கட்டுநர் தம் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மரக்கலம் கட்டியோர், கலத்தின் விலாச்சட்டங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் கல்லுப்பைக் கொட்டி நிரப்பினர். மேலிருந்து மழைநீர் கசிந்தாலும் அது உப்பைக் கரைத்து உவர்நீராகவே மரத்தில் இறங்கட்டும் என்பது அவர்கள் கருத்து. தட்டை மழைநீரால் அன்றிக் கடல்நீரால் கழுவ வேண்டும் என்னும் பாய்க்கப்பல் வழக்கமும் இவ்வறிவில் பிறந்ததே. நன்னீரைத் தூய்மையோடும் உப்பை அரிப்போடும் சேர்த்தெண்ணிப் பழகிய நிலவாழ்நர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். மரக்கலத்தின் அறநூலில் இவ்விரண்டும் இடம் மாறி நிற்கின்றன.

இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் போர்க்கப்பலான விக்டரி 1765இல் நீரில் இறக்கப்பட்டது. 1922 முதல் அது போர்ட்ஸ்மத் நகரின் உலர்துறையில் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டுக் காலம் கடல்நீர் அதனைத் தீண்டவில்லை. ஆயினும் அதன் ஓக் மரப் பலகைகள் உட்பட இற்றன. மழைநீர் புகுந்து தங்கியதும், அதனால் வளர்ந்த பூஞ்சணமும், ஈரமரத்தை நாடும் வண்டும் அதனை அரித்தன. 2022இல் அங்கே மிகப் பெரிய பழுதுபார்ப்புப் பணி ஒன்று தொடங்க நேர்ந்தது. கடலில் இல்லாத கப்பலும் கூரை ஒழுகினால் அழியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தூத்துக்குடித் தோணியின் ஆண்டுச் சுழற்சி

இக்கலை தமிழ்நாட்டில் வாழ்ந்த இடங்களுள் தலையாயது தூத்துக்குடி. அங்குக் கட்டப்பட்ட பெருந்தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்றன. எந்திரம் பொருத்தப்படுவதற்கு முன்னர்ப் பாயை மட்டுமே நம்பி அவை ஓடின. 1974இல் புதிய துறைமுகம் செயற்படத் தொடங்கிய பின்னரும் தோணிகளின் உலகம் பழைய துறைமுகத்தைச் சார்ந்தே இயங்கியது. தோணியின் தலைவனுக்குத் தூத்துக்குடியில் தண்டல் என்று பெயர். ஈழத்து வல்வெட்டித்துறையில் தண்டையல் என்பர். தோணியைக் கட்டுவோரும் பழுதுபார்ப்போரும் ஓடாவிகள். கலத்தின் முதுகெலும்பாகிய அடிமரம் ஏரா. அதன்மேல் எழும் விலாச்சட்டம் வங்கு. இவற்றின்மீது பலகை அறைந்து, குறுக்கே உத்திரங்கள் பாவி, உத்திரங்களின்மேல் நீளவாக்கில் பலகை பரப்பினால் அமைவது மேல்தட்டு.

தோணியின் ஓராண்டு வாழ்க்கையைக் கவனித்தால் மேல்தட்டு ஒழுக்கின் காரணம் தானே விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் பாய்க்கலங்களுக்குப் பயணம் விலக்கப்பட்ட காலம். தோணிகள் அப்போது துறையில் ஓய்ந்திருக்கும். பழுதுபார்க்கும் பருவம் அதுவே. அம்மாதங்களில் தூத்துக்குடிக் கரையில் மழை அரிது. மேற்கு மலைத்தொடரைத் தாண்டி ஈரம் இழந்து வரும் காற்று வறண்டு வீசும்; வெயிலும் கடுமை. மேல்தட்டின் பலகைகள் உலர்ந்து சுருங்கும். மரம் நீளவாக்கில் ஏறத்தாழச் சுருங்குவதே இல்லை, அகலவாக்கிலேயே சுருங்கும். எனவே அருகருகே கிடக்கும் இரு பலகைகளுக்கு இடையிலுள்ள பொருத்துவாய் நெடுக வாய் பிளக்கும்.

செப்டம்பரில் பயணம் தொடங்கும். ஐப்பசி பிறந்ததும் வடகிழக்குப் பருவமழை இறங்கும். அக்கரையின் மழையிற் பெரும்பகுதி அப்போதே பெய்து தீர்வது. ஆண்டு முழுதும் சூளையில் வைத்தாற்போல் காய்ந்த தட்டின்மீது திடீரென மழை கொட்டும். பலகை நீரை உறிஞ்சிப் பருத்துப் பொருத்துவாய் மூடுவதற்குச் சில நாட்கள் ஆகும். அச்சில நாட்களில்தான் சரக்கறை நனையும். சிமெண்டு மூட்டை நனைந்தால் கல்லாகும். வெங்காயம் நனைந்தால் அழுகும். மாவும் சர்க்கரையும் நனைந்தால் எதற்கும் உதவா. கரை சேர்ந்தபின் நனைந்த சரக்கிற்கு விடை சொல்லும் பொறுப்பு தண்டலின் தலைமீது விழும். அவனோ நடுக்கடலில் தட்டைப் பிரித்துப் பார்க்க இயலாதவன். ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் ஓடாவி செய்த வேலையின் உண்மை ஐப்பசியில் விளங்கும். செய்வதும் சோதிக்கப்படுவதும் வெவ்வேறு பருவங்களில் நிகழும் தொழில் இது. காய்ந்த பலகையின்மேல் நின்றுகொண்டு, அது நனைந்தபின் எவ்வளவு பருக்கும் என்பதைக் கணித்து வேலை செய்தல் வேண்டும்.

சொட்டும் இடமும் புகும் இடமும்

மேல்தட்டு ஒழுக்கில் முதல் இடர்ப்பாடு அதனைக் கண்டுபிடிப்பதே. உள்ளே நீர் சொட்டும் இடத்திற்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என எண்ணுவோர் பெரும்பாலும் ஏமாறுவர். தட்டின் ஓரத்தில் புகுந்த நீர் உத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பற்றிக்கொண்டு, மரத்தின் வரியோடு ஊர்ந்து, பல முழம் சென்று, எங்கே ஓர் ஆணி முனையோ முடிச்சோ எதிர்ப்படுகிறதோ அங்கே துளியாகத் திரண்டு விழும். கலம் ஒருபக்கம் சாய்ந்து ஓடும்போது ஓரிடத்திலும், நேராக நிற்கும்போது வேறிடத்திலும் சொட்டும். கடலில் ஒழுகிய தட்டு துறையில் ஒழுகாதிருப்பதும், துறையில் ஒழுகியது கடலில் அடங்கியிருப்பதும் உண்டு.

எனவே அனுபவமுள்ளவர் முதலில் உள்ளேயுள்ள கறையைப் படிப்பர். நீர் ஓடிய வழியில் மரம் கறுத்திருக்கும். இரும்பு ஆணியைக் கடந்து வந்த நீர் செம்மைபடிந்த கோடு விட்டிருக்கும். அக்கோட்டை மேல்நோக்கித் தொடர்ந்தால் நுழைவாய் நெருங்கும். அடுத்து, உள்ளே உலர்ந்த நிலையில் ஒருவரை விளக்கோடு இருத்திவிட்டு, வெளியே தட்டின் தாழ்ந்த பகுதியில் முதலில் நீர் ஊற்றுவர். சொட்டு விழவில்லையெனில் காத்திருந்து, சிறிது உயர்ந்த பகுதிக்குச் செல்வர். உயரத்தில் தொடங்கினால் வழியும் நீர் எல்லாப் பொருத்துகளையும் ஒருங்கே நனைத்து, எது குற்றவாளி என்பதை மறைத்துவிடும். கீழிருந்து மேலே, ஒவ்வொன்றாக, பொறுமையோடு செல்வதே இம்முறையின் உயிர்நாடி.

பழங்கலங்களில் ஒழுக்கு பிறக்கும் இடங்களும் பெரிதும் வரையறுக்கப்பட்டவையே. பலகைகளின் நெடும் பொருத்துவாய் ஒன்று. இரு பலகைகளின் முனைகள் சந்திக்கும் மூட்டு மற்றொன்று. ஆணித்தலை மூன்றாவது, இரும்பு துருவேறிப் பருக்கும்போது சுற்றியுள்ள மரத்தைப் பிளந்துவிடும். பாய்மரம் தட்டைத் துளைத்து இறங்கும் வாய் நான்காவது. பாயில் காற்று நிறையும்தோறும் பாய்மரம் அசைவதால் அவ்விடம் என்றும் ஓய்வறியாது. சரக்கறை வாயின் விளிம்புச் சட்டம் ஐந்தாவது. பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் பிணைக்கப்படும் இரும்புகளும், ஓரச்சுவரைத் தாங்கும் முளைகளும் தட்டோடு கூடும் இடம் ஆறாவது. இவ்வாறனுள் அசையும் உறுப்பு அசையாத உறுப்போடு கூடும் இடங்களே மிகுதியும் ஒழுகுவன. கலம் என்பது வீட்டைப்போல் நிலைத்து நிற்பதன்று. ஓடும்போது ஒவ்வோர் அலையிலும் நெளிவது. நெளிவுக்கு இடங்கொடாத இறுக்கம் அங்கே பிளவாகவே முடியும்.

கலப்பத்து

இடத்தைக் கண்டபின் செய்யும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். அகராதிகள் கலப்பற்று என எழுதும். மரக்கலத்தின் பொருத்துகளில் நீர் புகாமல் அடைத்தல் என்பது பொருள். கலம், பற்று என இச்சொல்லைப் பிரித்துக் காணத் தமிழ் மனம் விரும்பும். அதே வேளையில் மலையாளக் கரையின் கல்பத்து, துருக்கியரின் கலஃபாத், போர்த்துக்கீசியரின் கலஃபெத்தார் ஆகிய சொற்கள் ஒலியாலும் பொருளாலும் இதனோடு உறவாடுகின்றன. இந்தியப் பெருங்கடலின் துறைதோறும் கலங்களோடு சொற்களும் பயணம் செய்தன என்பதற்கு இச்சொல் ஒரு நல்ல சான்று.

சொல் எவ்வாறாயினும் செயல் தமிழர்க்குப் புதிதன்று. பரிபாடலில் வையையைப் பாடும் பாட்டு ஒன்றில், சிதையத் தொடங்கிய கலத்தைப் பயின் கொண்டு சீராக்கும் நீகான் உவமையாக வருகிறான். பயின் என்பது பிசின். மதுரை ஆற்றுப் புதுப்புனல் விழாவைப் பாடிய புலவர்க்குக் கடற்கலத்தைப் பழுதுபார்க்கும் காட்சி உவமைக்கு எளிதில் எட்டும் தொலைவில் இருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. கேட்போர்க்கும் அது விளங்கியிருத்தல் வேண்டும். விளங்காத ஒன்றை உவமையாக்குவது புலவர் மரபன்று.

இனி வேலையின் முறை. பொருத்துவாயில் கிடக்கும் பழைய பஞ்சையும் இறுகிய பிசினையும் வளைந்த கொக்கி உளியால் கிண்டி முழுமையாக வெளியேற்றல் வேண்டும். பலகையின் விளிம்பு சிதையாமல் இதனைச் செய்வதே பாதி வேலை. விளிம்பு உடைந்தால் அங்கே எந்த அடைப்பும் நில்லாது. பின்னர் வாயை உலரவிடுதல் வேண்டும். ஈரத்தின்மேல் அடைத்தால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, இற்றுப்போகும் வேலையைத் தொடரும். அதன்பின் எண்ணெயில் தோய்த்த பஞ்சைத் திரியாக முறுக்கி, பொருத்துவாயில் வைத்து, தட்டையான உளியின் முனையால் உள்ளே செலுத்தி, கொட்டாப்புளியால் அடிப்பர். ஒரு திரி அடங்கியபின் மற்றொன்று. இறுதியில் குங்கிலியத்தை எண்ணெயோடு காய்ச்சி மேலே வார்த்து முடிப்பர். ஆணித்தலையின் கீழே எண்ணெய்ப் பஞ்சைச் சுற்றி அறைவதும் இம்முறையைச் சார்ந்ததே. மேலைநாட்டார் பஞ்சோடு சணல் நாரும், குங்கிலியத்திற்கு மாறாகக் கீலும் கொண்டனர். பொருள் வேறாயினும் நெறி ஒன்றே. மென்மையான ஒன்று உள்ளே. நீர் ஏலாத ஒன்று மேலே.

எவ்வளவு அடிப்பது என்பதில்தான் இக்கலையின் நுட்பம் அடங்கியிருக்கிறது. குறைவாக அடித்தால் முதல் மழையிலேயே நீர் புகும். மிகுதியாக அடித்தால் வேறோர் ஆபத்து நேரும். பலகைகள் பருக்கும்போது இறுகிய பஞ்சு ஆப்பாக மாறி, அவற்றை விலக்கி, ஆணிகளை இழுத்து, அடுத்த பொருத்துகளைத் திறந்துவிடும். ஒரு வாயை மிகையாக மூடியதன் விளைவாக நான்கு வாய்கள் திறக்கும். இவ்விரண்டிற்கும் நடுவே உள்ள அளவை ஓடாவி கண்ணால் அறிவதில்லை, காதால் அறிகிறான். பஞ்சு தளர்வாக உள்ளவரை கொட்டாப்புளியின் ஓசை மந்தமாக எழும். பலகையோடு பலகை இசைந்து இறுகியதும் அவ்வோசை கணீரென மாறும். அம்மாற்றம் கேட்ட இடத்தில் கை நிற்கும். ஆண்டுக்கணக்கில் உடனிருந்து கேட்டுப் பழகிய செவிக்கே அது புலப்படும். இதனை அளக்கும் கோல் இல்லை. எழுதிக் கற்பிக்கும் பாடமும் இல்லை. யாப்பிலக்கணம் முழுதும் கற்றவரும் ஓசை பிழைத்ததைச் செவியாலேயே முதலில் உணர்வதைக் கவிஞர் பெருமக்கள் அறிவர்.

பூசி மறைத்தல்

இக்காலத்தில் ஒழுக்கைக் கண்டதும் மேலே ஏதேனும் ஒரு பசையைப் பூசிவிடும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ளது. 1960களுக்குப் பின்னர் மேலைநாடுகளில் பாய்ப்படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் வார்க்கப்பட்டன. அவற்றின் மேல்தட்டு பல படகுகளில் முழுக் கண்ணாடியிழை அன்று. இரு மெல்லிய கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா என்னும் இலேசான மரத்தை வைத்து அழுத்தியதே அது. எடை குறையும்; உறுதி கூடும். ஆனால் கயிறு கட்டும் முளைக்காகவோ கைப்பிடிக்காகவோ துளையிட்டுத் திருகாணி இறக்கிய இடம்தோறும், நடுவிலுள்ள பால்சாவிற்கு ஒரு வாயில் திறக்கப்பட்டதாகும். திருகாணியின் கீழிட்ட பசை சில ஆண்டுகளில் காய்ந்து விலகும். நீர் உள்ளே புகும். மேல் தகடும் கீழ்த் தகடும் பார்வைக்குப் பழுதின்றி இருக்க, நடுமரம் கஞ்சியாகக் குழையும். கால் வைத்தால் தட்டு மெத்தெனத் தாழும். சிறு சுத்தியால் தட்டினால் நல்ல இடம் கணீரென்றும், கெட்ட இடம் தொப்பென்றும் ஒலிக்கும். கண்ணாடியிழையின் காலத்திலும் சோதிக்கும் கருவி செவியே என்பது கருதத்தக்கது.

அவ்வாறு ஒழுகும் முளையைச் சுற்றி மேலே பசை பூசுவது எளிது, செலவும் குறைவு. உள்ளே சொட்டுவதும் சில வேளை நின்றுபோகும். ஆனால் முன்பு புகுந்த நீர் வெளியேற வழியின்றி நடுவே அடைபடும். ஒழுக்கு நின்றது என உரிமையாளர் மகிழ்ந்திருக்கும் காலத்தில்தான் அழிவு விரையும். முறையான வழி கடினமானது. முளையைக் கழற்றல் வேண்டும். பழைய பசையைச் சுரண்டல் வேண்டும். துளையைச் சற்று அகலப்படுத்தி இற்ற மரத்தை அகற்றல் வேண்டும். உலரவிட்டு, எப்பாக்சிப் பிசினால் துளையை முழுதும் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே புதிய துளையிடல் வேண்டும். இனி நீர் எக்காரணத்தாலோ புகுந்தாலும் அது பிசினைத் தொடுமேயன்றி மரத்தைத் தொடாது. அதன்பின்னரே புதிய பசையிட்டு முளையைப் பொருத்துதல் தகும். ஒரு முளைக்கு இத்தனை உழைப்பு. ஒரு படகில் இத்தகைய துளைகள் நூற்றுக்கும் மேற்படும்.

மரத்தோணிக்கும் இது பொருந்தும். தட்டின்மேல் தாரைப் பூசுவதும், தகரம் அறைவதும், தார்ப்பாயை விரித்து ஆணியடிப்பதும் ஒரு பயணத்திற்கு உதவலாம். நடுக்கடலில் அகப்பட்ட தண்டல் அதைத்தான் செய்வான், செய்வதே கடமை. கரை சேர்ந்தபின்னும் அதனையே தீர்வாகக் கொள்ளும்போது பிழை தொடங்குகிறது. மூடியதன் அடியில் காற்றும் வெயிலும் புகா. புகுந்த நீர் மட்டும் நிற்கும். அறைந்த ஆணிகளோ புதிய ஓட்டைகள்.

வல்வெட்டித்துறையிலிருந்து ஒரு கலம்

தமிழர் கலப்பத்து எத்தகைய சோதனைக்கு உட்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் ஏறத்தாழ 90 அடி நீளமுடையது. ஸ்வாப் என்னும் சிறு பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இக்கப்பலைக் கண்டு விரும்பி வாங்கினார். ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் எனத் தம் மனைவியின் பெயரை அதற்கு இட்டார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனை அமெரிக்காவிற்குச் செலுத்தினர். 1937இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட கலம் ஏடன், சூயசு, மத்தியதரைக் கடல் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் திங்களில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது.

இப்பயணத்தைப் பேசுவோர் மாலுமிகளின் துணிவைப் பேசுவர், அது தகும். ஆயின் அவ்வழியின் இயல்பை நோக்கினால் கட்டியவர்களின் கைத்திறனும் புலப்படும். செங்கடலின் வறண்ட அனற்காற்றில் தட்டுப் பலகைகள் சுருங்கும். அட்லாண்டிக்கின் மழையிலும் அலைத்தெறிப்பிலும் அவை பருக்கும். தூத்துக்குடித் தோணி ஓராண்டில் காணும் வறட்சியையும் ஈரத்தையும் விடக் கடுமையானவற்றை ஒரே பயணத்தில் அக்கலம் கண்டது. இத்தகைய கடல்களில் மரக்கலத்தை மிதக்கச் செய்வது பாயும் சுக்கானும் மட்டும் அல்ல. பொருத்துவாயில் ஒடுங்கிக் கிடக்கும் பஞ்சுத்திரியும் ஆகும். கரையில் நின்று பார்ப்போர் கண்ணுக்கு அது தெரிவதில்லை. தெரியாதிருப்பதே அது செவ்வையாக அமைந்ததன் அடையாளம்.

எழுத்தில் ஏற வேண்டிய சொற்கள்

கப்பல் கட்டுதல் பற்றிய தமிழ்ச் சுவடி ஒன்று கப்பல் சாத்திரம் என்னும் பெயரில் 1950இல் சென்னையிலிருந்து அச்சேறியது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் இந்தியப் படகு வடிவங்களைப் பற்றிய தம் ஆய்வை 1920இல் வெளியிட்டார். இவை போற்றத்தக்கவை. ஆயினும் கலப்பத்துக்காரர் எந்தப் பஞ்சை எவ்வளவு முறுக்கினர், எந்த ஓசையில் கையை நிறுத்தினர், ஒழுக்கின் வகைகளுக்கு என்னென்ன பெயரிட்டனர் என்பன அவர்தம் வாய்மொழியிலேயே தங்கிவிட்டன. மரத்திற்குப் பதில் இரும்பும் கண்ணாடியிழையும் வந்தன. பாய்க்குப் பதில் எந்திரம் வந்தது. சரக்கோ பெட்டகக் கப்பல்களுக்கு மாறியது. தொழில் சுருங்கும்போது கருவிகள் காட்சிக்கூடத்திற்குச் செல்லக்கூடும். சொற்கள் செல்லுமிடம் ஏது? ஏரா, வங்கு, ஓடாவி, தண்டல், கலப்பத்து என்பன இன்றும் நெய்தல் நிலத்து முதியோர் நாவில் உள்ளன. தமிழ் கற்ற இளையோருள் இவற்றை அறிந்தவர் எத்தனை பேர் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது.

விஸ்வநத்தத்துக் கவிஞர்களுக்கு இதில் ஒரு பணி காத்திருக்கிறது. கடற்கரைக்குச் செல்வோர் அங்குள்ள சொற்களைக் குறித்து வரலாம். செல்ல இயலாதோர்க்கும் வேலை இங்கேயே உண்டு. மருந்து, திரி, கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் என்று இவ்வட்டாரத் தொழிற்கூடங்களில் வழங்கும் சொற்களுக்கு அகராதியில் உள்ள பொருள் ஒன்று. தொழிலாளர் நாவில் உள்ள பொருள் மற்றொன்று. எந்த ஈரத்தில் மருந்து குழையும், எந்தப் பதத்தில் திரி சரியாக எரியும் என்று விரல்நுனியால் அறிவோர் இவ்வூரில் உள்ளனர். அவர்தம் சொற்களைக் கேட்டு, நாள் குறித்து, சொன்னபடியே எழுதி வைப்பது இலக்கியத்திற்கு அயலான வேலை அன்று. பரிபாடற் புலவர் பயின் என்னும் சொல்லை ஏதோ ஒரு துறையில், வேலை செய்வோர் வாயிலிருந்தே கேட்டிருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் இக்கலையிடம் கற்கத்தக்கது. ஒரு மொழியின் பழமையைப் புகழ்ந்து மேலே பூசும் பூச்சு அதன் ஒழுக்கை நிறுத்தாது. சொட்டுமிடத்தைக் கண்டு அங்கேயே அடைக்க முயல்வதும் பயன் தராது. இளைஞர் தமிழ் படிப்பதில்லை என்னும் குறை ஓரிடத்தில் சொட்டுகிறது. அது புகுந்த வாயோ பல முழம் தள்ளி, வாழ்க்கையில் வழங்கும் சொல்லை வகுப்பறை வாங்க மறுத்த இடத்தில் இருத்தல் கூடும். தாழ்ந்த இடத்தில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்து, பழைய அடைப்பைக் கிண்டி எடுத்து, உலரவிட்டு, அளவறிந்து அடித்தல் வேண்டும். மிகுதியாக அடித்து மொழியைப் பிளந்துவிடாத நிதானமும் வேண்டும்.

பத்தாண்டுகள் தொடர்ந்து கூடிவந்த வட்டம் அடுத்த பத்தாண்டுகளுக்கு ஒரு பணியை மேற்கொள்ளுமாயின், தொழிற்சொற்களின் தொகுப்பு அப்பணியாக அமையட்டும். முதியோர் வாழும் காலத்திலேயே அது நிகழ்தல் வேண்டும். மழைக்காலம் வந்தபின் தட்டை அடைக்க இயலாது. காய்ந்திருக்கும்போதே அடைத்தல் வேண்டும்.